காதுக்குப் போன பேன்

என் கணவர் இதுவரை பதினோரு நாவல் எழுதியிருக்கிறார். பதினொன்றையும் டைப் அடித்தது நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். அந்த நாவல்களை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று தெரியாது. அதில் ஒருத்தி நான். படிக்காமல் டைப் அடிக்க முடியாதே.

அவர் நவீன எழுத்தாளர். நவீனம் என்றால் என்ன என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டேன். அரை மணி நேரம் விளக்கினார். அதற்குப் பிறகு நான் அவரிடம் எதற்கும் விளக்கம் கேட்பதில்லை. எனக்குப் புரிந்தவரை, அவர் எழுத்தில் முற்றுப்புள்ளி அபூர்வம். நான்காவது நாவலில் ஒரு வாக்கியம் முப்பத்தெட்டுப் பக்கம் ஓடுகிறது. அதை வாய்விட்டுப் படிக்கப் பார்த்த ஒரு விமர்சகர் இவருக்கு 'மூச்சுமுட்டி' என்று பெயர் வைத்தார். இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

எழுதும் முறையும் அதே ஜாதிதான். காலை ஏழு மணிக்கு மேசைமுன் உட்கார்ந்தால் ஒன்பது வரை கை நிற்கக் கூடாது. மனதில் ஓடுவதை அப்படியே இறக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது, எழுதியதை அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. "யோசிச்சா பொய் வந்துடும்" என்பார். அந்த இரண்டு மணி நேரம் யாரும் கதவைத் தட்டக் கூடாது. எழுத்து அறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரே அறையைப் பலகைத் தடுப்பு வைத்து இரண்டாக்கியிருந்தோம். இந்தப் பக்கம் நானும் மகளும், அந்தப் பக்கம் நவீனம்.

சென்ற வருடம் ஒரு பதிப்பகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். குழந்தைகள் புத்தகங்களுக்கு அவர்தான் ஆசிரியர். பெரிய எழுத்தாளர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு எழுதும் கதைகளை ஒரு தொடராகக் கொண்டுவரப் போவதாகவும், அதில் இவருடைய கதை ஒன்று வேண்டும் என்றும் கேட்டார். முப்பத்தெட்டுப் பக்க வாக்கியக்காரரிடம் போய்க் குழந்தைக் கதையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இவர் ஒப்புக்கொண்டார். மூன்றே வாரத்தில் நாற்பது பக்கம் எழுதி என் கையில் கொடுத்தார்.

"என் வாழ்க்கையிலயே இவ்வளவு சுலபமா எதுவும் வந்ததில்ல. ஊத்து மாதிரி வந்துச்சு. ரொம்ப ஆழத்துலேர்ந்து வந்திருக்கு" என்றார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

மெஷினில் தாளைச் செருகி முதல் வரியை அடிக்கத் தொடங்கினேன். 'ஒரு தலையில் ஒரு பேன் இருந்தது, அதற்குக் கடல் பார்க்க வேண்டும் என்று ஆசை.'

என் விரல் நின்றுவிட்டது.

எங்கள் மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது அவள் தலையில் பேன் வந்தது. வகுப்பே பேன் வளர்த்த காலம் அது. காலையில் சீப்பை எடுத்தாலே வீடு அதிர அழுவாள். அப்பா எழுதுகிறாரே, சத்தம் போடக் கூடாதே என்று அவளை அடக்குவதற்காக நான் ஒரு கதை கட்டினேன். காதுக்குள் கடல் இருக்கிறது, உள்ளே ஓயாமல் இரைகிறது என்று யாரோ சொல்லக் கேட்ட ஒரு பேன், உச்சந்தலையிலிருந்து காதுக்குக் கிளம்புகிறது. வகிடு அதற்கு நெடுஞ்சாலை. பொடுகுத் துண்டு தலையணை. சீப்பு வந்தால் ரயில் வருகிறது, ஓடி ஒளிய வேண்டும். பின்னல் போட ஆரம்பித்தால் கயிற்றுப் பாலம் ஆடும். ஏழரைக்குத் தொடங்கினால் ஏழு ஐம்பதுக்குப் பள்ளிப் பேருந்து ஹாரன் அடிக்கும். கதை அந்த இடத்தில் அறுந்துவிடும். மறுநாள் அங்கிருந்து பிடிப்பேன். இப்படி இரண்டு வருடம். நான்காம் வகுப்பில் அவள் முடியைக் கத்தரித்துக்கொண்டாள். அதோடு கதையும் போயிற்று.

இப்போது அந்தப் பேன் என் கணவரின் கையெழுத்தில் வந்து நிற்கிறது. வகிடு இருக்கிறது, பொடுகுத் தலையணை இருக்கிறது, 'ஒதுங்கு ஒதுங்கு, ரயில் வருது' என்று நான் சொன்ன சொல்லே இருக்கிறது. நடுநடுவே காலத்தைப் பற்றி மூன்று பக்கம், பேனின் தனிமையைப் பற்றி ஐந்து பக்கம், இன்னும் எதையெதையோ பற்றி என்று பாதிக்குமேல் இவர் சரக்கும் இருக்கிறது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது.

மகளுக்கு போன் செய்தேன். வேறு ஊரில் வேலை பார்க்கிறாள்.

"ஒரு தலையில ஒரு பேன் இருந்துச்சு" என்றேன்.

"அதுக்குக் கடல் பாக்கணும்னு ஆசை. ஏம்மா, ஆபீஸ் நேரத்துல போன் பண்ணிப் பேன் கதை சொல்ற?"

"அப்பா எழுதியிருக்காரு. புத்தகமா வரப்போகுது."

"அப்பா திருடிட்டாரா?"

"திருடின பொருளை யாராவது சொந்தக்காரி கையிலயே குடுத்துத் துடைச்சு வைக்கச் சொல்லுவாங்களாடி? என்கிட்டதானே டைப் அடிக்கக் குடுத்திருக்காரு. அவருக்கே தெரியல. தானா வந்துச்சுங்கறாரு."

"தானா வருதா! பலகைக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து வந்திருக்கு. நீ சும்மா இருக்காதம்மா. உன் பேரப் போடச் சொல்லு."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, நான் ஆசைப்படுவது அதைத்தான் என்று. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் புத்தகத்தின் அட்டையில் என் பெயர் வேண்டும். என் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு முறை, எங்கள் கல்யாணப் பத்திரிகையில். இவர் மூன்றாவது நாவலை 'மௌனத்துக்கு' என்று சமர்ப்பணம் செய்தார். ஏழாவதை 'இல்லாத வாசகனுக்கு' என்று செய்தார். பக்கத்தில் இருக்கிற டைப்பிஸ்டை ஒரு நாவலும் கண்டுகொள்ளவில்லை. அப்போதெல்லாம் எனக்கு அது உறைக்கவில்லை, ஏனென்றால் அவை என்னுடையவை அல்ல. இது என்னுடையது.

ஆனாலும் உடனே சொல்லவில்லை. அவராக ஞாபகம் வந்து சொல்லட்டும் என்று இருந்தேன். இதற்குப் பெயர் பொறுமை அல்ல, வீம்பு. இருபத்தேழு வருடத்தில் அவர் எழுத்தில் ஒரு கால்புள்ளியைக்கூட நான் மாற்றியதில்லை, இதிலும் மாற்றவில்லை. நாற்பது பக்கத்தையும் அடித்து உறையில் போட்டு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பதிப்பக ஆசிரியை தாள்களோடு வீட்டுக்கு வந்தார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கதையாக இருந்தாலும் அச்சுக்குப் போகும் முன் ஒரு இரண்டாம் வகுப்பில் நின்று வாசித்துக் காட்டுவார். ஒரு பிள்ளை நெளிந்தாலும், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளினாலும், தண்ணீர் குடிக்கப் போகணும் என்று கேட்டாலும் அந்த வரிக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போடுவார். ஒரு பக்கத்தில் ஐந்து கோட்டுக்கு மேல் விழுந்தால் அந்தப் பக்கம் போகும். எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் இதுதான் சட்டம்.

தேநீர் வைக்கப் போனபோது மேசையில் பரப்பிய தாள்களைப் பார்த்தேன். காலத்தைப் பற்றிய மூன்று பக்கமும் வேலி போட்ட மாதிரி கோடு. தனிமைக்கு அதைவிட அதிகம். அந்த இடத்தில் ஒரு பையன் தூங்கிக் கீழே விழுந்துவிட்டானாம். பேன் நடக்கிற பக்கங்களில் ஒரு கோடும் இல்லை, வெள்ளை வெளேர் என்று இருந்தன.

இவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. கதைமேல் அவ்வளவு ஆசை. கோடு விழுந்ததையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார். நாற்பது பக்கம் பதினான்கு பக்கமாயிற்று. மறுபடி நான்தான் அடித்தேன். பதினான்கும் வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னது. அதை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, "இப்பதான் என்னோட உண்மையான குரல் கேக்குது" என்றார்.

சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவதுபோல் நின்றேன்.

மிச்சமிருந்தது ஒரே சிக்கல், முடிவு. இவர் எழுதிய கடைசி வரி 'பேன் நடந்துகொண்டிருந்தது' என்பது. வழக்கம்போல் முற்றுப்புள்ளி கிடையாது.

"பசங்க என்னை வெளிய விடல சார்" என்றார் ஆசிரியை. "பேன் காதுக்குப் போச்சா இல்லையான்னு கையப் புடிச்சு இழுக்கறாங்க. முடிவு வேணும்."

"அது திறந்த முடிவு. வாசகன்தான் மூடிக்கணும்."

"ஏழு வயசுப் புள்ளைங்களுக்குத் திறந்த முடிவுன்னா, கதவத் திறந்து போட்டுட்டுப் போன மாதிரி சார். கொசுதான் வரும். மூணு வாரம் தரேன்."

மூன்று வாரமும் இவர் ஏழு மணிக்கு உட்கார்ந்தார். ஒன்பது மணிக்கு எழுந்தார். தாளில் ஒன்றும் இல்லை. மேசை ஆடுகிறது என்றார், காலுக்கு அட்டை வைத்தேன். பேனா கசிகிறது என்றார், புதிது வாங்கினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிறகு குறை சொல்வதும் நின்றது. மூன்றாவது வாரம் நான் எட்டிப் பார்த்தபோது வெறும் தாளின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கை நின்று நான் பார்த்ததே இல்லை. அவருக்குப் பயம் வந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, மறைக்கவில்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக எட்டரை மணிக்கு அந்தக் கதவைத் தட்டினேன்.

"முடிவு வராதுங்க."

"ஏன்?"

"நான் சொன்னதே இல்ல. அதான் வரல."

எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேன், சீப்பு, அழுகை, பேருந்து ஹாரன், இரண்டு வருடம். அவர் பலகைத் தடுப்பைப் பார்த்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அரை விரல் தடிமன்கூட இருக்காது. நெடுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ அவளுக்குக் கதையெல்லாம் சொல்லுவியா?" என்று கேட்டார்.

"சத்தியமா எனக்குத் தெரியாது. நீ பேசினத நான் கேட்டதே இல்ல" என்றார். தன் நேர்மைக்குச் சாட்சியாக அதைச் சொன்னார். பொய்யும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பேன், திருடனுக்காவது பொருளின் மதிப்பு தெரியும். இரண்டு வருடம் தினமும் இருபது நிமிடம் என் குரல் இந்த மனுஷன் காதில் போயிருக்கிறது, அது ஒரு ஆளின் குரல் என்று இவருக்குத் தோன்றவே இல்லை.

"என் பேரு வரணும்" என்றேன்.

"தாராளமா. முன்னுரையில நன்றின்னு ஒரு வரி..."

"நன்றிய நீங்களே வச்சுக்குங்க. பேரு வரணும். அட்டையில."

நான் எழுந்து வெளியே வந்து ஆசிரியைக்கு போன் செய்தேன். முடிவு என்னிடம் இருக்கிறது, எழுதித் தர மாட்டேன், அந்தப் பிள்ளைகளிடமே வந்து வாயால் சொல்கிறேன், கேட்டவர்கள் அவர்கள்தானே என்றேன். அந்த அம்மாளுக்குக் குழப்பம். ஆனாலும் வரச் சொன்னார். கிளம்பும்போது இவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நான் வாருங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். இவருக்குக் கடைசி வரிசையில் ஒரு குட்டி பெஞ்சு கிடைத்தது, முழங்கால் முகவாயை இடித்தது. வாயைத் திறந்தேன், கதை வரவில்லை. கையில் சீப்பு இல்லாமல் எனக்கு அந்தக் கதை வராது என்று அப்போதுதான் புரிந்தது. வகுப்பு டீச்சரிடம் சீப்பு ஒன்று வாங்கினேன். முன் வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னவளைக் கூப்பிட்டு, முதுகைக் காட்டி உட்காரவைத்து, ரிப்பனை அவிழ்த்தேன். சீப்பு முடியில் இறங்கியதும் வாய் தானாகத் திறந்தது.

"கயித்துப் பாலம் தாண்டியாச்சு. இன்னும் பத்தடிதான். காது தெரியுது. பேனுக்கு மூச்சு வாங்குது..."

வகுப்பில் ஒரு சத்தமில்லை. கடைசி வரிசையிலிருந்து மட்டும் பேனா கீறும் சத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இவர் நோட்டுப் புத்தகத்தைத் தொடைமேல் வைத்துக் குனிந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பேனாவ மூடுங்க" என்றேன். "எழுத வேணாம். மொதல்ல கேளுங்க."

திட்டு வாங்கியது யார் என்று பார்க்க முப்பத்திரண்டு தலையும் திரும்பின. பெரிய ஆள் ஒருவர் திட்டு வாங்குவதில் அவர்களுக்கு அப்படி ஒரு ஆனந்தம். இவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு என்னைப் பார்த்தார். கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பேன் காது மடல்ல ஏறி உள்ள எட்டிப் பாத்துச்சு. ஒரே இருட்டு. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கடலும் இல்ல ஒண்ணும் இல்ல. பேன் அங்கயே உக்காந்து அழுதுச்சு. அப்ப ஒரு சத்தம் வருது. அலைச் சத்தம் இல்ல. யாரோ பேசறாங்க. என்னன்னு காது குடுத்துக் கேட்டா, 'ஒரு தலையில ஒரு பேன் இருந்துச்சு, அதுக்குக் கடல் பாக்கணும்னு ஆசை'. அட, இது என் கதையாச்சேன்னு பேன் திரும்பிப் பாக்குது. சீப்பப் புடிச்ச ஒரு கை. கைக்கு மேல ஒரு வாய். அந்த வாய்தான் அத்தனை நாளா அதை நடக்க வச்சிருக்கு. பேன் அழுகையத் தொடச்சுட்டு, காது மடல்ல வசதியா சாஞ்சு உக்காந்து, மொதல்லேர்ந்து கேக்க ஆரம்பிச்சுது."

ஒரு பையன், "கடல் இல்லையா? ஏமாத்திட்டீங்க" என்றான். என் முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்க்காமலே, "இதுதான்டா நல்லாருக்கு" என்று அவனை அடக்கினாள். இன்னொருத்தி எழுந்து, "அப்புறம் அத நசுக்கிட்டாங்களா?" என்று கவலையோடு கேட்டாள். உட்கார்ந்து கதை கேட்கிற பேனை யாராவது நசுக்குவார்களா என்றேன். ஒப்புக்கொண்டாள். ஆசிரியையின் தாளில் ஒரு கோடும் இல்லை.

வெளியே நடையில் ஆசிரியை என்னை ஓரமாக அழைத்தார். "அக்கா, எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. ஆனா இது பெரிய எழுத்தாளர்கள் தொடர். அட்டையில சார் பேரு இல்லன்னா எங்க முதலாளி அச்சுக்கே விடமாட்டாரு. உங்க பேர உள்ள, சின்னதா..."

"அப்படின்னா முடிவும் உள்ளயே இருக்கட்டும். எனக்குள்ள" என்றேன்.

ஆசிரியை இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தபடி, "பேரு போடற முதல் பக்கத்த நாளைக்கு அனுப்பறேன்" என்றார். பேருந்தில் வீட்டுக்குத் திரும்பினோம். அனுப்புகிறாராம், முதல் பக்கத்தை அடிக்கப்போவதும் நான்தானே என்று நினைத்தேன். அவர் பெயரை அடிக்கச் சொன்னால் மெஷினைத் தூக்கி ஜன்னல் வழியே போட்டுவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது டைப் மெஷின் சத்தம் கேட்டது. டக். வெகுநேரம் கழித்து இன்னொரு டக். இந்த வீட்டில் அந்த மெஷினைத் தொட்டவள் நான் ஒருத்திதான். மெஷின் அவரிடம் படாத பாடு பட்டது. இடையில் தாளைக் கசக்கும் சத்தம் நாலைந்து முறை வந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்கு இரண்டு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். ஒன்று முதலாளிக்குக் கையால் எழுதிய கடிதம், இரண்டே வரி. இந்தப் பக்கத்தில் உள்ளபடியே அட்டையிலும் வராவிட்டால் தன்னுடைய எந்தப் புத்தகமும் இனி அந்தப் பதிப்பகத்துக்குக் கிடையாது என்று இருந்தது. இரண்டு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்திருந்தார்.

மற்றது முதல் பக்கம். வரி ஏறி இறங்கி, எழுத்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தது. மேலே கதையின் தலைப்பு. அதன் கீழே, நட்டநடுவில், என் பெயர். இனிஷியலோடு, முழுதாக. கீழே அடியில் 'கேட்டு எழுதியவர்' என்று அடித்து, அதன்மேல் கோடு கோடாக அடித்து அழித்திருந்தார். அதற்குக் கீழே 'காதில் விழுந்ததை எழுதியவர்' என்று போட்டு, அவர் பெயர்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "கேட்டு எழுதியவர்னே இருந்திருக்கலாமே?" என்றேன்.

"கேக்கலயே" என்றார்.

கோணலாக அடித்த தாள் எதையும் இருபத்தேழு வருடத்தில் நான் இந்த வீட்டைவிட்டு வெளியே விட்டதில்லை. இதைத் திருப்பி அடிக்கவில்லை. நான்காக மடித்து, உறையில் போட்டு, நானே போய்த் தபாலில் சேர்த்தேன்.